பெரிய எழுத்து, சிறிய எழுத்து: இரண்டு பட்டியல்கள் எப்போது ஒன்றாகும்?

சமூக மன்றம் ஒன்றில் பயிலரங்கு நடக்கவிருக்கிறது. இணையப் படிவத்தில் பதிந்தவர்களின் பட்டியல் ஒன்று, கட்டணம் செலுத்தியவர்களின் பட்டியல் இன்னொன்று. இரண்டையும் எக்செல்லில் ஒப்பிட்ட தொண்டூழியர் யாரும் விடுபடவில்லை என்கிறார். அதே கோப்புகளைப் பைத்தான் நிரலுக்குக் கொடுத்த மாணவரோ பாதிப் பேரைக் காணவில்லை என்கிறார். இருவருமே சொல்வது சரி. எக்செல்லின் சமக்குறியும், வீலுக்அப், மேட்ச், கவுண்ட்இஃப் போன்ற சூத்திரங்களும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. அந்த வேறுபாடு வேண்டுமென்றால் 'எக்ஸாக்ட்' என்ற தனிச் சூத்திரத்தை நாட வேண்டும். பைத்தானின் இரட்டைச் சமக்குறி நேர் எதிர். ஓர் எழுத்து பெரியதாக இருந்தாலும் அதற்கு அது வேறு சொல்தான்.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் அடிக்கடி தலைகாட்டக் காரணம் உண்டு. அடையாள அட்டையில் பெயர் முழுவதும் பெரிய எழுத்துகளில் இருக்கும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் அப்படியே உள்ளிடுவார். கைத்தொலைபேசியில் நிரப்புபவர் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்குவார் அல்லது எதையும் பெரிதாக்க மாட்டார். ஒரே ஆளைச் சுட்ட ஐயத்துக்கு இடமில்லாத எண் அடையாள அட்டை எண்தான். ஆனால் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோராத இடங்களில் நிறுவனங்கள் பொதுவாக அந்த எண்ணைத் திரட்டக் கூடாது. ஆகவே மின்னஞ்சல் முகவரியையும் பெயரையும் வைத்தே பட்டியல்களைப் பொருத்த வேண்டியிருக்கிறது. அந்த இரண்டுமே எழுத்துகளால் ஆன சரங்கள்.

கணினி பார்ப்பது எண்ணைத்தான்

நிரலாக்கத்தில் 'சரம்' என்பது எழுத்துகளின் வரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. ஆஸ்கி என்ற பழைய அமெரிக்கத் தரத்தில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு 65, அதன் சிறிய வடிவத்துக்கு 97. கடைசிப் பெரிய எழுத்துக்கு 90, அதன் சிறிய வடிவத்துக்கு 122. எந்த இணையை எடுத்தாலும் வேறுபாடு 32. அதாவது ஒரே ஒரு பிட், 0 அல்லது 1 என்ற ஓர் இரும இலக்கம். 1963இல் வெளியான முதல் ஆஸ்கியில் சிறிய எழுத்துகளுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. 1967 திருத்தத்தில்தான் அவை வந்தன. அந்த ஒரு பிட் ஒழுங்கு, ஒப்பிடுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று திட்டமிட்டு அமைத்தது.

இதைப் பார்த்ததும், அந்த ஒரு பிட்டை மறைத்துவிட்டு ஒப்பிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. சதுர அடைப்புக்குறியின் எண் 91, நெளி அடைப்புக்குறியின் எண் 123. இங்கும் வேறுபாடு 32. கண்ணை மூடிக்கொண்டு பிட்டை மறைத்தால் இந்த இரண்டும் ஒரே எழுத்தாகிவிடும். 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐஆர்சி அரட்டை நெறிமுறை, நெளி அடைப்புக்குறியைச் சதுர அடைப்புக்குறியின் 'சிறிய எழுத்து' என்றே விதித்துவைத்திருக்கிறது. ஸ்காண்டிநேவிய விசைப்பலகைகளில் அந்த இடங்களில் உண்மையான எழுத்துகள் இருந்தன என்பதே அதற்குக் காரணம். எது எதன் சிறிய வடிவம் என்பது மனிதர்கள் வகுத்த விதி. எண்களைக் கழித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆங்கிலத்தைத் தாண்டியதும்

உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு தரம் வந்தபின் இந்த விதிகள் ஒரு பெரிய அட்டவணையாயின. அட்டவணையில் மூன்று மொழிகள் தொடர்ந்து தொல்லை தருகின்றன.

ஜெர்மனில் 'தெரு' என்ற பொருளுள்ள ஸ்ட்ராஸ என்ற சொல்லைச் சிறிய எழுத்துகளில் எழுதினால் 6 எழுத்துகள். அதிலுள்ள 'எஸ்ஸெட்' என்ற எழுத்து, பெரிய எழுத்துக்கு மாற்றும்போது வழக்கமாக இரண்டு 'எஸ்' ஆகிறது. சொல் 7 எழுத்தாக நீள்கிறது. இரண்டு சரங்களின் நீளம் வேறு என்றால் அவை வேறுதான் என்று தொடக்கத்திலேயே முடிவுகட்டும் குறுக்குவழி இங்கே சறுக்குகிறது. ஜாவா நிரல்மொழியில் பெரிய, சிறிய வேறுபாட்டைப் பாராமல் ஒப்பிடும் 'ஈக்வல்ஸ்இக்னோர்கேஸ்' செய்வது அதையேதான். முதலில் நீளத்தைப் பார்க்கும்; வேறுபட்டால் பொய் என்று திருப்பிவிடும்.

துருக்கியில் புள்ளி உள்ள 'ஐ', புள்ளி இல்லாத 'ஐ' என்று இரண்டு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பெரிய வடிவமும் சிறிய வடிவமும். துருக்கி மொழி அமைப்பில் ஓடும் கணினியில் ஆங்கிலப் பெரிய ஐயைச் சிறிதாக்கச் சொன்னால் ஜாவா புள்ளியில்லாத ஐயைக் கொடுக்கும். சிங்கப்பூரில் எழுதிச் சோதித்த நிரல் இஸ்தான்புல்லில் உள்ள வாடிக்கையாளரிடம் மட்டும் தோற்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். மாற்றும்போது எந்த நாட்டையும் சாராத பொது மொழியமைப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே தீர்வு.

கிரேக்கத்தில் சிக்மாவுக்குச் சொல்லின் நடுவில் ஒரு சிறிய வடிவம், இறுதியில் வேறொரு சிறிய வடிவம். பெரிய வடிவம் ஒன்றே.

இதனால்தான் யூனிகோடு 'சிறிதாக்குதல்' என்பதிலிருந்து வேறாக 'கேஸ் ஃபோல்டிங்' என்ற செயலை வரையறுக்கிறது. சிறிதாக்குதல் மனிதர் படிப்பதற்கு. ஃபோல்டிங் ஒப்பிடுவதற்கு மட்டுமே. அதன் விளைவை யாருக்கும் காட்டக் கூடாது. பைத்தானில் இதற்கான 'கேஸ்ஃபோல்டு' 3.3 பதிப்பில் வந்தது. எஸ்ஸெட் எழுத்தை, சிறிதாக்கும் செயற்கூறான 'லோயர்' அப்படியே விட்டுவிடும், 'கேஸ்ஃபோல்டு' இரண்டு எஸ் ஆக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நேரடிச் செயற்கூறு இல்லை. பெரும்பாலோர் சிறிதாக்குதலோடு நின்றுவிடுகிறார்கள்.

தமிழுக்கு இது பொருந்துமா?

தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. யூனிகோடில் 2944 முதல் 3071 வரை உள்ள தமிழ்ப் பகுதியில் 'லோயர்' எதையும் தொடாது. எனவே தமிழ்ப் பெயர்ப் பட்டியலுக்கு இந்தத் தலைவலி இல்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் தமிழுக்கே உரிய தலைவலிகள் இருக்கின்றன, அவை கண்ணுக்கும் தெரிவதில்லை.

'கொ' என்பதை எடுத்துக்கொள்வோம். ககரத்தின் எண் 2965. அதன்பின் ஒகர உயிர்க்குறியை 3018 என்ற ஒரே எண்ணாக இடலாம். அல்லது முன்னால் நிற்கும் ஒற்றைக் கொம்பு 3014, பின்னால் நிற்கும் கால் 3006 என்று இரண்டாக இடலாம். திரையில் இரண்டும் 'கொ'தான். யூனிகோடின் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் நிரலின் சமக்குறி இரண்டு எண்ணையும் மூன்று எண்ணையும் பார்த்து 'வேறு' என்றே சொல்லும். கொழுந்து, கோமதி, சௌந்தரம் என்று கொம்பும் காலும் வரும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. இதைச் சரிசெய்வது 'இயல்பாக்கம்'. எல்லாச் சரங்களையும் சேர்ந்த வடிவத்துக்கோ பிரிந்த வடிவத்துக்கோ ஒரே சீராக மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

இயல்பாக்கமும் தீர்க்காதவை சில உண்டு. 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடு சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்று; யூனிகோடின் கண்ணில் அவை சமமல்ல. 'ஔவை'யை ஔகாரத்தால் எழுதாமல் ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை எந்த அட்டவணையும் மன்னிக்காது, நாமே ஒரு விதி எழுத வேண்டும்.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புகளில் நிலைமை தலைகீழ். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினியில் சிறிய 'கே' இருக்கும் இடத்தில் 'ம', பெரிய 'கே' இருக்கும் இடத்தில் 'மு'. சிறிய 'யு' ரகரம், பெரிய 'யு' 'ரு'. இப்படி எழுதிய உறுப்பினர் பட்டியலை 'எல்லாவற்றையும் சிறிதாக்கி' ஒப்பிட்டால் முருகன் மரகனாகிவிடுவார், குமார் கமாராகிவிடுவார். உகர ஒலியையே பெரிய எழுத்து சுமந்துகொண்டிருந்தது. குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதற்கு முன்னும் பின்னும் சேர்ந்த பழைய கோப்புகள் பல சங்கங்களின் கணினிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

பட்டியல்கள் 'ஒன்று' என்பதற்கு மூன்று பொருள்

இதுவரை பார்த்தது ஒரு சரத்தை இன்னொரு சரத்தோடு ஒப்பிடுவது. பட்டியல் என்றதும் வேறொரு கேள்வி சேர்கிறது. பெரும்பாலான தவறான நிரல்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே எழுதப்பட்டவை.

1. வரிசையும் ஒத்துப்போக வேண்டுமா? போட்டி முடிவுப் பட்டியலுக்கு வேண்டும். முதல் சரத்தை முதல் சரத்தோடு, இரண்டாவதை இரண்டாவதோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

2. வரிசை வேண்டாம், எத்தனை முறை வருகிறது என்பது முக்கியமா? ஒரே முகவரியிலிருந்து இரண்டு இருக்கைகளுக்குப் பணம் வந்திருந்தால் அந்த இரண்டைக் கணக்கில் வைக்க வேண்டும். பைத்தானில் 'கவுண்டர்' இதற்கென்றே இருக்கிறது.

3. இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதுமா? அப்படியானால் அது 'செட்' எனப்படும் கணம். மறுபடி வருவது கணக்கில் சேராது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே விழுபவர்கள் அதிகம். 'இரண்டு பட்டியல்களின் நீளமும் ஒன்று, முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் இரண்டாவதில் இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று' என்ற வாதம் சரிபோலத் தெரியும். முதல் பட்டியலில் மாலா, மாலா, கமலா. இரண்டாவதில் மாலா, கமலா, விமலா. நீளம் ஒன்றுதான், முதலில் உள்ள எல்லாரும் இரண்டாவதில் இருக்கிறார்கள், விமலாவை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

பட்டியல் முழுவதையும் ஒரே சரமாக ஒட்டிச் சிறிதாக்கி ஒப்பிடும் வழக்கமும் உண்டு. மலர், விழி என்ற இருவரும் மலர்விழி என்ற ஒருவரும் அங்கே ஒன்றாகிவிடுவார்கள். நடுவில் காற்புள்ளி வைத்தால் தப்பிக்கலாம் என்றால், பெயருக்குள்ளேயே காற்புள்ளி வைத்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

திறவுகோல் ஒன்றைச் செய்துகொள்வது

ஒவ்வொரு பட்டியலிலும் 2000 பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்றப் பட்டியலின் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 4 மில்லியன் ஒப்பீடுகள். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரு பக்கத்தையும் புதிதாகச் சிறிதாக்கினால் 8 மில்லியன் மாற்றங்கள். ஒவ்வொரு சரத்தையும் ஒரே முறை மாற்றி, கிடைத்ததைத் திறவுகோலாக வைத்து, திறவுகோலைக் கொடுத்தால் உரியதை எடுத்துத் தரும் 'அகராதி' என்ற தரவமைப்பில் போட்டுவைத்தால் 4000 மாற்றங்களில் வேலை முடியும். வேகத்தைவிடப் பெரிய ஆதாயம், எது சமம் என்ற விதி நிரலில் ஒரே இடத்தில் இருக்கும் என்பது.

1. தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள வெற்றிடங்களை நீக்க வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் 160 என்ற எண்ணுள்ள உடையா வெற்றிடம் ஒளிந்திருக்கும். எக்செல்லின் 'டிரிம்' 32 என்ற சாதாரண வெற்றிடத்தை மட்டுமே நீக்கும். தமிழ்ச் சரங்களில் 8204 என்ற அகலமில்லாக் குறியும் சில வேளை வந்து ஒட்டிக்கொள்ளும்.

2. இயல்பாக்க வேண்டும், பிறகு ஃபோல்டிங் செய்ய வேண்டும், பிறகு மறுபடி இயல்பாக்க வேண்டும். ஃபோல்டிங் செய்தபின் எழுத்துகள் மறுபடி பிரிந்தோ சேர்ந்தோ நிற்கலாம் என்பதால் யூனிகோடே இப்படி வகுத்திருக்கிறது.

3. திறவுகோலின் எதிரே மூலச் சரத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். சான்றிதழில் அச்சிட வேண்டியது அதைத்தான்.

4. தேடுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் நீக்குவதற்கும் இதே திறவுகோலைப் பயன்படுத்த வேண்டும்.

நான்காவதில்தான் அனுபவசாலிகளும் வழுக்குகிறார்கள். இரண்டு பட்டியல்களை வரிசைப்படுத்திவிட்டு இணையாக நடந்துபோய் ஒப்பிடும் முறையைப் பாருங்கள். குறியெண்படி வரிசைப்படுத்தினால் பெரிய எழுத்துகள் 90இல் முடிந்த பிறகே சிறியவை 97இல் தொடங்கும். அந்த வரிசையில் நடந்துகொண்டு பெரிய, சிறிய வேறுபாட்டைப் புறக்கணித்து ஒப்பிட்டால் இணைகள் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். ஒரு பட்டியலைப் பெரிதாக்கியும் மற்றதைச் சிறிதாக்கியும் வரிசைப்படுத்துவதும் தவறே. அடிக்கோட்டின் எண் 95. அது பெரிய எழுத்துகளுக்குப் பின்னாலும் சிறிய எழுத்துகளுக்கு முன்னாலும் நிற்கிறது. பயனர் பெயர்களில் அடிக்கோடு சாதாரணம்.

ஜாவாவில் இதைவிட நயவஞ்சகமான ஒன்று உண்டு. வேறுபாட்டைப் புறக்கணிக்கும் ஒழுங்கோடு 'ட்ரீசெட்' என்ற வரிசைப்படுத்திய கணம் ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து ஒரு பட்டியலை 'ரிமூவ்ஆல்' கொண்டு கழிக்கிறோம். கணத்தில் 10 பெயர்கள், பட்டியலில் 3 என்றால் ஜாவா பட்டியலில் நடந்து, ஒவ்வொன்றையும் கணத்திடம் கொடுத்து நீக்கச் சொல்லும். கணத்துக்கு விதி தெரியும், நீக்கிவிடும். பட்டியலில் 10 அல்லது அதற்கு மேல் என்றால் திசை மாறும். கணத்தில் நடந்து, ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பட்டியலிடம் கேட்கும். பட்டியலுக்கு அந்த விதி தெரியாது; பெரிய எழுத்தைக் கண்டால் இல்லை என்றுவிடும். சிறிய சோதனைத் தரவில் சரியாக ஓடிய நிரல், பட்டியல் வளர்ந்த நாளில் விடையை மாற்றிச் சொல்கிறது. மாற்றிய திறவுகோல்களையே கணத்தில் இட்டால் இந்தப் பொறியில் விழ வாய்ப்பில்லை.

திறவுகோல் தீர்க்காதவையும் இருக்கின்றன. அடையாள அட்டையில் 'எஸ்', சாய்கோடு, 'ஓ' என்று வருவதைப் படிவத்தில் சாய்கோடு இல்லாமல் எழுதுவார்கள், அல்லது தந்தை பெயரையே விட்டுவிடுவார்கள். லட்சுமியை ஆங்கிலத்தில் லக்ஷ்மி என்றும் லெட்சுமி என்றும் ஒலிக்கும்படி எழுதுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். இவை எழுத்து வேறுபாடுகள், எழுத்தின் அளவு வேறுபாடுகள் அல்ல. இவற்றை நிரலைக் கொண்டு தாமாக இணைக்காமல், பொருந்தாத மிச்சமாக வைத்து ஆள் ஒருவர் பார்ப்பதே நல்லது.

புறக்கணிக்கக் கூடாத இடங்கள்

கடவுச்சொல்லில் பெரிய, சிறிய வேறுபாடு உயிர்நாடி. அளவைக் குறிகளிலும் அப்படியே: சிறிய 'எம்' மில்லிவாட்டையும் பெரிய 'எம்' மெகாவாட்டையும் குறிக்கிறது, இடையே பில்லியன் மடங்கு.

மின்னஞ்சல் முகவரி இரண்டும் கெட்டான். 'அட்' குறிக்குப் பின்னால் உள்ள களப்பெயருக்குப் பெரிய, சிறிய வேறுபாடு கிடையாது. முன்பாதிக்கு வேறுபாடு உண்டு என்றே 2008இல் வந்த நெறிமுறை ஆவணம் சொல்கிறது; நடைமுறையில் பெரிய சேவைகள் அதைப் பார்ப்பதில்லை. நிகழ்ச்சிப் பட்டியலைச் சரிபார்க்க இரண்டு பாதியையும் ஃபோல்டிங் செய்வது தகும். கணக்கு ஒன்றின் உரிமையாளர் யார் என்று தீர்மானிக்கும் இடத்தில் அதே செயல் ஆபத்து.

2019 டிசம்பரில் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பு அவசரத் திருத்தம் வெளியிட்டது இதற்காகத்தான். புள்ளியில்லாத துருக்கி ஐயின் குறியெண் 305. அதைப் பெரிதாக்கினால் ஆங்கிலத்தின் சாதாரணப் பெரிய ஐ கிடைக்கிறது. ஒருவரது முகவரியில் உள்ள ஐக்குப் பதில் 305ஐ இட்ட முகவரியைத் தன்வசம் வைத்திருப்பவர், கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகக் கோரலாம். தரவுத்தளம் வேறுபாட்டைப் புறக்கணித்து உண்மையான உரிமையாளரின் கணக்கைக் கண்டுபிடித்துத் தரும். மீட்புக் கடிதமோ கோரியவர் தட்டச்சிட்ட முகவரிக்குப் போகும். திருத்தத்தில் இரண்டு மாற்றங்கள்: ஒப்பீட்டை நிரலிலும் ஒரு முறை கறாராகச் செய்வது, கடிதத்தைத் தரவுத்தளத்தில் உள்ள முகவரிக்கே அனுப்புவது.

ஸ்பாட்டிஃபை 2013இல் வெளியிட்ட விவரம் இன்னொரு பாடம். அங்கே பயனர் பெயரை ஒரே சீராக மாற்றும் செயற்கூறு, வரிக்குச் சற்று மேலே ஏற்றி எழுதும் சிறு வடிவப் பெரிய எழுத்துகளை முதல் முறை சாதாரணப் பெரிய எழுத்துகளாக்கியது. அதன் விளைவையே இரண்டாவது முறை கொடுத்தால் சிறிய எழுத்துகளாக்கியது. பதிவு செய்யும் இடத்தில் ஒரு முறையும் கடவுச்சொல் மாற்றும் இடத்தில் இரண்டு முறையும் ஓடியதால், புதிதாகப் பதிந்தவர் வேறொருவரின் கணக்கைக் கைப்பற்ற முடிந்தது. திறவுகோல் செய்யும் செயற்கூற்றின் விளைவை மறுபடி அதற்கே கொடுத்தாலும் அதே விளைவு வர வேண்டும். சோதனைகளில் இதைச் சேர்க்க ஒரு வரி போதும்.

தரவுத்தளம் என்ன நினைக்கிறது?

நிரல் ஒரு விதியையும் தரவுத்தளம் இன்னொரு விதியையும் கடைப்பிடித்தால் எல்லாம் வீண். மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற தரவுத்தளத்தின் இயல்புநிலை ஒப்பீட்டு ஒழுங்கு பெரிய, சிறிய வேறுபாட்டை மட்டுமல்ல, எழுத்துக்கு மேல் இடும் ஒலிக்குறியையும் புறக்கணிக்கும். 'கேஸ்ஃபோல்டு' ஒலிக்குறியைத் தொடாது. நிரல் புதியவர் என்று ஏற்ற பெயரைத் தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இதற்கு நேர்மாறு. இயல்புநிலையில் எல்லா வேறுபாட்டையும் பார்க்கும். அங்கே வழக்கமாகச் செய்வது, முகவரியின் சிறிதாக்கிய வடிவத்தின் மீது ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் தனித்துவக் குறியீடு (யூனிக் இன்டெக்ஸ்) ஒன்றை அமைப்பது. நிரலில் திறவுகோலை ஏற்கெனவே செய்திருந்தால் அதையே தனி நெடுவரிசையில் சேமித்து, அதன் மீது குறியீட்டை அமைப்பது இன்னும் சிறந்தது. அப்போது விதி இரண்டு இடங்களில் இருக்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு என்றால், பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக இரண்டு கணக்கு வைத்திருப்பவர்களை முதலில் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். அந்த இரட்டைகள் இருக்கும்வரை போஸ்ட்கிரெஸ் குறியீட்டை உருவாக்க மறுத்துவிடும்.